ஒப்பனைப் பொருளும் விளம்பரத் தமிழும்

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவியின் ஒப்பனை விரித்துரைக்கப்படுகிறது. பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நன்னீரில் அவள் தன் கூந்தலை நனைத்தாள் என்பது இளங்கோவடிகள் தரும் செய்தி. அடிகள் தொகையை மட்டும் சொல்லிச் சென்றார். உரை வகுத்த அடியார்க்கு நல்லார் தொகையோடு நிற்கவில்லை. பூவந்தி, திரிபலை, நாவல், கருங்காலி, நாற்பால் மரம் ஆகியவை சேர்ந்து துவர் பத்து என்றும், கொட்டம், துருக்கம், தகரம், அகில், ஆரம் ஆகியவை விரை ஐந்து என்றும் பெயர் சுட்டி எழுதினார். ஓமாலிகை முப்பத்திரண்டையும் அவர் விட்டுவிடவில்லை. தலையில் வார்த்த நீரில் கலந்திருந்தவை யாவை என்று கற்பவன் கேட்பான். அதற்கு விடை சொல்வது தம் கடன் என்று அவ்வுரையாசிரியர் கருதினார்.

இன்று மலேசியாவில் ஒரு குப்பி எண்ணெயையோ ஒரு டப்பி முகப்பூச்சையோ விற்க வருபவனிடம் சட்டம் கேட்பதும் இதனையே. உள்ளே இருப்பது யாது? அது என்ன செய்யும்? யார் பொறுப்பு? மூன்றையும் எழுதிக் காட்டு என்கிறது. ஒப்பனைப் பொருள் விற்பனைக்குரிய விதிகள் மருந்தாளருக்கும் வணிகருக்கும் மட்டுமே உரியவை என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவ்விதிகளை ஊன்றிப் படித்தால், அவை பெரும்பாலும் சொற்களைப் பற்றியவை என்பது புலனாகும். ஆதலின் தமிழாசிரியர்க்கும் அவற்றில் பங்கு உண்டு. நம் கடைத்தெருவில் வழங்கும் விளம்பரத் தமிழை அவ்விதிகளின் ஒளியில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் சொல்வது

மலேசியாவில் ஒப்பனைப் பொருள்களை ஆள்வன 1984-ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள். இவை 1952-ஆம் ஆண்டின் மருந்து விற்பனைச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்டவை. செயற்படுத்துவது சுகாதார அமைச்சு. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனம் அதன் கண்ணும் கையுமாக நிற்கிறது. அறிவிக்கப்படாத ஒப்பனைப் பொருளைச் செய்தல், இறக்குமதி செய்தல், விற்றல், வழங்கல் ஆகிய யாவும் குற்றம் என்று இவ்விதிகள் கூறுகின்றன. முதல் குற்றத்துக்குத் தனியாளுக்கு 25,000 ரிங்கிட் வரை தண்டமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். நிறுவனமாயின் 50,000 ரிங்கிட் வரை தண்டம். குற்றம் மீண்டும் நிகழின் தண்டம் இரு மடங்காக உயரும்.

இவ்விதிகள் மலேசியாவுக்கு மட்டும் தனியே உரியன அல்ல. ஆசியான் நாடுகள் 2003-ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, ஒப்பனைப் பொருள்களுக்குப் பொதுவான நெறி ஒன்றை வகுத்தன. அந்நெறி மலேசியாவில் 2008 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஜொகூர் பாலத்தின் இரு கரையிலும் இன்று நெறி ஒன்றே. ஆயினும் சிங்கப்பூரில் அறிவிக்கப்பட்ட பொருள் அக்காரணத்தாலேயே ஜொகூரில் அறிவிக்கப்பட்டதாகிவிடாது. விற்கும் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியே அறிவித்தல் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வரும் சீயக்காய்த் தூளுக்கும் கூந்தல் தைலத்துக்கும் கூட இதுவே முறை. ஊரில் பேர் பெற்ற பொருள் என்பது இங்கே சான்றாகாது.

மூன்று சொற்கள்

இனி விளம்பரத் தமிழுக்கு வருவோம். ஜொகூர் பாருவில் இராஜ மாரியம்மன் ஆலயத்தை ஒட்டிய உங்கு புவான் சாலையிலும், மூவார், குளுவாங் முதலிய ஊர்களின் இரவுச் சந்தைகளிலும், இப்போது கைப்பேசித் திரையிலும் நாம் காணும் ஒரு தொடர் உண்டு: ‘சுகாதார அமைச்சின் அங்கீகாரம் பெற்றது’. இத்தொடரைச் சொல்பவர் பொய் சொல்ல வேண்டும் என்று எண்ணாமலே பொய் சொல்கிறார். ஏன்?

பதிவு, அறிவிப்பு, ஒப்புதல் என்பன மூன்றும் வேறு வேறு. 2008-க்கு முன் சில ஆண்டுகள் இந்நாட்டில் ஒப்பனைப் பொருளைப் பதிவு செய்யும் முறை இருந்தது. 2008-இல் அம்முறை போய் அறிவிக்கும் முறை வந்தது. அறிவிப்பு என்பது வணிகர் அரசுக்குத் தரும் உறுதிமொழி. ‘இப்பொருளை இன்ன பெயரில் விற்கப் போகிறேன், இதில் இவை இவை உள்ளன, விலக்கப்பட்டவை இல்லை, கேட்டால் சான்று காட்டுவேன்’ என்று அவர் எழுதித் தருகிறார். அரசு அதற்கு ஓர் எண் வழங்குகிறது. ‘என்’, ‘ஓ’, ‘டி’ என்னும் மூன்று உரோமன் எழுத்துகளில் தொடங்கி, இலக்கங்கள் தொடர்ந்து, ‘கே’ என்னும் எழுத்தில் முடிவது அவ்வெண். பொருளைச் சோதித்துப் பார்த்து நன்று என்று வழங்கிய நற்சான்று அன்று அது. சோதனை பெரும்பாலும் பொருள் கடைக்கு வந்த பின்னரே நடைபெறும். அப்போது குற்றம் கண்டால் அறிவிப்பு நீக்கப்படும்.

எனவே ‘அறிவிக்கப்பட்டது’ என்ற இடத்தில் ‘அங்கீகாரம் பெற்றது’ என்று எழுதுவது சொற்குற்றம் மட்டும் அன்று, பொருட்குற்றமுமாம். சொன்னவன் தலையில் இருக்கும் பொறுப்பு, கேட்டவன் தலைக்கு மாறிவிடுகிறது. வாங்கும் பெண், அரசு சோதித்த பொருள் இது என்று நம்பி முகத்தில் தடவுகிறாள். அவளுக்கு அந்நம்பிக்கையைத் தந்தது சட்டம் அன்று. ஒரு தவறான மொழிபெயர்ப்பு.

ஓர் உவம உருபின் வேலை

ஒப்பனைப் பொருள் என்றால் என்ன? சட்டம் தரும் இலக்கணம் இது: உடலின் வெளிப்பகுதிகளாகிய தோல், முடி, நகம், உதடு முதலியவற்றிலோ, பல்லிலோ, வாயின் உட்புறத்திலோ படுமாறு பயன்படுத்துவது, தூய்மை செய்தல், மணமூட்டல், தோற்றத்தை மாற்றல், உடல் நாற்றத்தைத் திருத்தல், காத்தல், நன்னிலையில் வைத்தல் ஆகியவற்றையே முழுமையாகவோ முதன்மையாகவோ நோக்கமாகக் கொண்டது. நோய் தீர்த்தல் இவற்றுள் இல்லை. உடலின் இயக்கத்தை மாற்றுதலும் இல்லை. அவ்வாறு செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் பொருள் ஒப்பனை வரம்பைக் கடந்து மருந்தின் வரம்புக்குள் புகுந்துவிடுகிறது. அப்போது அதற்கு அறிவிப்புப் போதாது, பதிவு வேண்டும். மரபு மருந்தாகப் பதிவு பெற்ற பொருளின் எண், ‘எம்’, ‘ஏ’, ‘எல்’ என்னும் எழுத்துகளில் தொடங்கி ‘டி’ என்னும் எழுத்தில் முடியும். ஒப்பனையின் எண் வேறு, மருந்தின் எண் வேறு.

பொருள் எவ்வகையைச் சார்ந்தது என்று முடிவு செய்ய இரண்டை நோக்குகின்றனர். ஒன்று உள்ளே இருக்கும் கூட்டுப்பொருள். மற்றொன்று அது செய்வதாகச் சொல்லப்படும் பயன். இரண்டாவதில்தான் தமிழின் வேலை தொடங்குகிறது. கரிசலாங்கண்ணி சேர்த்துக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ‘கூந்தலுக்குப் பளபளப்புத் தரும்’ என்று எழுதினால் அது ஒப்பனைப் பொருள். ‘முடி உதிர்வதை நிறுத்தி, வழுக்கையில் முடி வளரச் செய்யும்’ என்று எழுதினால் அதே எண்ணெய் மருந்தாகிறது. குப்பி மாறவில்லை, எண்ணெய் மாறவில்லை, வினைமுற்று மாறிவிட்டது.

ஒப்பனைப் பொருளுக்கு ஏலாத கூற்றுகளை ஆசியான் வழிகாட்டிக் குறிப்பு எடுத்துக்காட்டுகிறது. முடி வளர்ச்சியைத் தூண்டும் என்பது ஏலாது. பொடுகை நிலையாக ஒழிக்கும் என்பது ஏலாது. முகப்பருவைக் குணப்படுத்தும், தழும்பை அகற்றும், கொழுப்பைக் கரைக்கும், வியர்வையை அறவே நிறுத்தும் என்பனவும் ஏலா. முதுமையால் உடலில் நிகழும் மாற்றங்களைத் தடுக்கும், திருப்பும் என்பனவும் அவ்வாறே. மணப்பொருள் ஒன்று பிறரைக் காமுறச் செய்யும் என்று சொல்வதும் விலக்கப்பட்டது. வசிய மையும் வசிய அத்தரும் விற்பவர்கள் இதனை அறிவார்களோ, அறியோம்!

இக்குறிப்பைத் தமிழ் விளம்பரங்களோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை வெளிப்படும். நம் விளம்பரங்கள் விரும்பி ஆளும் வினைகள் நான்கைந்தே: போக்கும், நீக்கும், ஒழிக்கும், தீர்க்கும், வளர்க்கும். இவை யாவும் மருந்தின் வினைகள். கோயில் வாயிலில் நின்று வேண்டுவோர் ஆளும் வினைகள் என்றும் சொல்லலாம். ஒப்பனைக்கு உரிய வினைகள் அடக்கமானவை: மென்மையாக்கும், மணமூட்டும், தூய்மை செய்யும், மறைத்துக் காட்டும். ‘முகச் சுருக்கத்தைப் போக்கும்’ என்பதற்கும் ‘முகச் சுருக்கம் குறைந்தது போலத் தோன்றச் செய்யும்’ என்பதற்கும் இடையே நிற்பது ‘போல’ என்னும் ஓர் உவம உருபு. அச்சிறு சொல்லை எடுத்துவிட்டால் ஒப்பனை மருந்தாகிவிடும். வணிகர் குற்றவாளி ஆகிவிடுவார்.

‘ஒப்பனை’ என்னும் சொல்லையே நோக்குவோம். ‘ஒப்பு’ என்பதன் அடியாகப் பிறந்தது அது. அழகு செய்தல் என்ற பொருளோடு உவமை என்ற பொருளும் அதற்கு உண்டு. உள்ளதை உள்ளபடியே மாற்றுவது ஒப்பனை அன்று. வேறொன்றை ஒக்கக் காட்டுவதே ஒப்பனை. சட்டம் பல வரிகளில் சொல்ல முயன்றதை நம் சொல் தன் வேரிலேயே வைத்திருக்கிறது. இச்சொல்லின் பொருளை உணர்ந்த தமிழன் எவனும் ‘ஒப்பனைப் பொருளால் நோய் தீரும்’ என்ற விளம்பரத்தைக் கேட்ட அளவிலேயே ஐயுறுவான்.

உயர்வு நவிற்சி என்று விடலாமா?

இங்கே ஒரு தடை எழலாம். ‘விளம்பரம் என்றாலே மிகை இருக்கும், அது ஒருவகை உயர்வு நவிற்சி, அதனை எழுத்துக்கு எழுத்து நம்புவார் யார்?’ என்று கேட்போர் உண்டு. விடை கூறத்தக்க கேள்விதான் இது.

உயர்வு நவிற்சி அணிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சொல்பவன் மிகுத்துச் சொல்கிறான் என்பதைச் சொல்பவனும் அறிவான், கேட்பவனும் அறிவான். அவ்வறிவு இருவர்க்கும் பொதுவாக இருப்பதனாலேயே அது அணியாகிறது, இன்பம் தருகிறது. மாடங்கள் வானைத் தொட்டன என்று புலவன் பாடினால், ஏணி எடுத்துக்கொண்டு ஒருவரும் புறப்படுவதில்லை. ‘ஏழு நாளில் முகப்பரு மறையும்’ என்ற தொடரைப் படித்த பதினாறு வயதுப் பெண் ஏழு நாள்களை எண்ணுகிறாள். எட்டாம் நாள் இன்னும் ஒரு டப்பி வாங்குகிறாள். ‘ஏழு’ என்ற எண்ணும், விலையென்ற எண்ணும் ஒரே துண்டுத்தாளில் அச்சாகியிருக்கும்போது, ஒன்று அணியாகவும் மற்றொன்று கணக்காகவும் இருத்தல் இயலாது. காசு வாங்கும் இடத்தில் கூறப்படும் சொல் வாக்குறுதியே.

‘இயற்கையானது, ஆதலின் தீங்கு இல்லை’ என்பதும் இத்தகையதே. ‘ஆதலின்’ என்ற சொல்லால் இணைக்கத் தகாத இரண்டை இணைப்பது அது. எருக்கம்பாலும் இயற்கைதான், அதனை யாரும் கண்ணில் விட்டுக்கொள்வதில்லை. ஈயமும் பாதரசமும் கூட மண்ணிலிருந்து எடுப்பனவே. மருதாணியை எடுத்துக்கொள்வோம். மருதாணி இலை தரும் நிறம் செம்மை கலந்த பழுப்பு. ‘கருமருதாணி’ என்று விற்கப்படுவனவற்றின் கருமை பலவற்றில் இலையிலிருந்து வருவதன்று. ‘பாராபினைலின்டையமின்’ என்னும் சாயப்பொருளிலிருந்து வருவது. கூந்தற் சாயத்தில் அளவு வரையறுத்து இசைவளிக்கப்பட்ட அப்பொருள் தோலில் நேரே படும்போது சிலர்க்குக் கொப்புளமும் புண்ணும் உண்டாகின்றன. மணவீட்டில் கையில் வரையப்படும் கோலத்துக்கு ‘மருதாணி’ என்ற பெயர் தரும் நம்பிக்கையைக் ‘கரு’ என்னும் அடைமொழி கெடுத்துவிடுகிறது. அவ்வடைமொழியை நாம் கவனிப்பதில்லை.

பெயர்ப்பட்டியலைப் படிக்கும் முறை

பொருளின் மேல் இருக்க வேண்டியவற்றைச் சட்டம் வரையறுத்துள்ளது. பொருளின் பெயர், பயன், பயன்படுத்தும் முறை, கூட்டுப்பொருள்களின் முழுப் பட்டியல், செய்த நாடு, எடை அல்லது கொள்ளளவு, தொகுதி எண், செய்த நாள் அல்லது காலாவதி நாள், எச்சரிக்கை, விற்பனைக்குப் பொறுப்பான நிறுவனத்தின் பெயரும் முகவரியும் ஆகியவை அவை. இவற்றுள் ஆசிரியர்க்கு மிகவும் பயன்படுவது கூட்டுப்பொருள் பட்டியல்.

அப்பட்டியல் மிகுதியிலிருந்து குறைவுக்கு இறங்கும் வரிசையில் எழுதப்படும். நூற்றுக்கு ஒன்றினும் குறைவாக உள்ளவை மட்டும் இறுதியில் எவ்வரிசையிலும் வரலாம். பெயர்கள் உலகப் பொதுவான கலைச்சொற்களாக இருக்கும். ‘அக்வா’ என்பது நீர். ‘கோக்கோஸ் நியூசிஃபெரா’ தேங்காய். ‘கர்க்குமா லோங்கா’ மஞ்சள். ‘அசாடிராக்டா இண்டிகா’ வேம்பு. ‘சாண்டலம் ஆல்பம்’ சந்தனம். ‘லாசோனியா இனெர்மிஸ்’ மருதாணி. இப்பெயர்களைக் கற்ற மாணவன், முகப்பில் குங்குமப்பூப் படம் போட்ட டப்பியைத் திருப்பிப் பார்ப்பான். பட்டியலின் கடைசி வரியில் அப்பூவின் பெயர் ஒதுங்கி நிற்பதைக் காண்பான். முதல் வரியில் நீர் நிற்பதையும் காண்பான். முகப்புப் படம் செய்யுள் என்றால் பின்புறப் பட்டியல் அதன் உரை. உரையின்றிச் செய்யுளை நம்புதல் ஆகாது.

ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்ல வேண்டும். மணக்கூட்டுகள் பல சேர்ந்திருப்பினும் ‘நறுமணம்’ எனப் பொருள்படும் ஒரே சொல்லால் அவற்றைக் குறிக்க விதி இடம் தருகிறது. ஓமாலிகை முப்பத்திரண்டையும் பெயர் சொல்லி எழுதிய உரையாசிரியர், இவ்விடத்தில் இக்காலச் சட்டத்தினும் கண்டிப்பானவராகத் தோன்றுகிறார்.

பட்டியலில் வராத பொருள்

பட்டியலைப் படிக்கக் கற்றாலும் அஞ்ச வேண்டியது ஒன்று உண்டு. அது பட்டியலில் எழுதப்படாத நஞ்சு. மலேசியச் சுகாதார அமைச்சு அவ்வப்போது வெளியிடும் எச்சரிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் நான்கு: பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், பீட்டாமெத்தசோன் வேலரேட். பின்னைய மூன்றும் மருத்துவரின் மேற்பார்வையில் பயன்பட வேண்டிய மருந்துகள். அவற்றை ஒப்பனைப் பொருளில் மறைத்துக் கலக்கின்றனர். தொடக்கத்தில் தோல் வெளிறி மினுமினுப்பாகத் தோன்றும். பின்னர்ச் செம்மை, எரிவு, தோல் மெலிதல், திட்டுத்திட்டாகக் கருமை படர்தல் முதலியன தொடரும்.

பாதரசம் இவற்றினும் கொடியது. அது தோலின் வழியே உட்சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்கும். பூசிக்கொண்ட தாயோடு நில்லாமல், ஆவியாகவும் துணி வழியாகவும் வீட்டிலுள்ள குழந்தைகளையும் சென்று சேரும். ஆசியான் நெறிப்படி ஒப்பனைப் பொருளில் சேர்க்க விலக்கப்பட்டது பாதரசம். தற்செயலாகக் கலந்த சுவடும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. ஈயத்துக்கு அவ்வெல்லை பத்து லட்சத்தில் இருபது பங்கு. உலக நாடுகள் 2013-இல் ஏற்ற மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் சேர்ந்த ஒப்பனைப் பொருள்களுக்கு எதிரான தடையை வகுத்தது. 2023-இல் கூடிய அதன் உறுப்பு நாடுகள், அளவு பற்றிய சலுகையையும் நீக்கிப் பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள் எதுவும் 2025-க்குப் பின் ஆகாது என்று முடிவு செய்தன.

பாதரசத்தைத் தன் பெட்டியின் மேல் எந்த வணிகனும் பெரிதாக எழுதுவதில்லை. ஆயினும் சில வேளை அவன் சொற்களே அவனைக் காட்டிக்கொடுக்கும். ‘பொன், வெள்ளி நகைகளில் படாமல் பூசுக’ என்ற குறிப்பு முகப்பூச்சில் இருந்தால் ஐயுற வேண்டும் என்று வல்லுநர் கூறுகின்றனர். பாதரசம் பொன்னோடு கலந்து அதனை வெளுக்கச் செய்யும் இயல்புடையது. நகைக்கு இரங்கி எழுதிய அக்குறிப்பு, முகத்துக்கு இரங்கவில்லை!

நம் மரபுப் பொருள்களும் இவ்வாய்வுக்கு விலக்கல்ல. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்யும் குங்குமம் வேறு. ஈயச் சேர்மம் கலந்த செந்தூரம் வேறு. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் வாங்கிய செந்தூரப் பொடிகளைச் சோதித்த ஆய்வாளர்கள் 2017-இல் தம் முடிவை வெளியிட்டனர்; அவற்றுள் பலவற்றில் ஈயம் காணப்பட்டது. கண்ணுக்கு இடும் சுர்மாக்கள் சிலவற்றின் மூலப்பொருளே ஈயக் கனிமம். குழந்தையின் கண்ணிலும் கன்னத்திலும் மை இடும் வழக்கமுடைய நாம், ‘பாட்டி காலத்து மை’ என்று அட்டையில் கண்டவுடன் மனம் உருகிவிடலாகாது. பாட்டி விளக்கெரித்துக் கூட்டிய மையும், கடையில் விற்கும் கருங்கட்டியும் பெயரால் ஒன்று; பொருளால் ஒன்று என்பதற்குச் சான்று வேண்டும்.

சட்டம் தொடாத சொல்

இதுவரை கூறியன சட்டத்தின் கைக்கு எட்டும் குற்றங்கள். அதன் கைக்கு எட்டாத ஒன்று உண்டு. ‘கருமை நீங்கிச் சிவப்பழகு பெறுங்கள்’ என்ற தொடரில் பாதரசம் இல்லை எனலாம். நோய் தீர்ப்பதாகவும் அது கூறவில்லை எனலாம். ஆயினும் அதில் ஒரு நஞ்சு இருக்கிறது. தோலின் இயற்கை நிறத்தை அழுக்கோடு ஒப்பவைத்து, ‘நீங்கி’ என்னும் வினையெச்சத்தால் அதனைக் குறையாக்கிவிடுகிறது அத்தொடர். பாதரசம் கலந்த பூச்சை வாங்கும் கை, முதலில் இச்சொல்லால் பிடிக்கப்பட்ட கையே. தேவை இருப்பதனால் நஞ்சு விற்கிறது. தேவையை உண்டாக்கியது மொழி.

இதற்கு நம் பழைய இலக்கியம் மாறான சான்று தருகிறது. சங்கப் பாடல்களில் தலைவியின் நிறத்தைக் குறிக்க வரும் அருஞ்சொல் ‘மாமை’. மாந்தளிரின் நிறம் என்று அதற்குப் பொருள் கூறுவர்; கருமை என்று கொள்வாரும் உளர். பிரிவினால் மாமை கெட்டுப் பசலை படர்ந்தது என்று வருந்துவதே அப்பாடல்களின் மரபு. தோல் வெளிறுவது அங்கே நோயின் அறிகுறி, அழகின் இழப்பு. இன்று அவ்வெளிறலை விலை கொடுத்து வாங்குகிறோம். 2020-இல் இந்தியாவின் புகழ்பெற்ற முகப்பூச்சு ஒன்று ‘ஃபேர் அண்டு லவ்லி’ என்ற தன் பெயரைக் ‘குளோ அண்டு லவ்லி’ என்று மாற்றிக்கொண்டது. உலக மக்களின் கண்டனம் ஒரு பெயரை மாற்ற வல்லது என்பதற்கு அது சான்று. ஆனால் ‘வெண்மை’ இருந்த இடத்தில் ‘ஒளி’ வந்து அமர்ந்த அளவில் கருத்து மாறிவிட்டதா என்பதை, உடன் வரும் படங்களையும் தொடர்களையும் கொண்டே முடிவு செய்ய வேண்டும். இவ்விடத்தில் வேண்டுவது திறனாய்வு, தண்டம் அன்று.

விதியில் உள்ள குறை

விளம்பரத் தமிழைக் குறை கூறிய நாம் விதியையும் நடுநிலையோடு நோக்க வேண்டும். அறிவிப்பு முறை வணிகர்க்கு எளிது. அரசுக்கும் சுமை குறைவு. எனினும் அது கடைக்கு வந்த பிறகே காக்கும் முறை. முகம் கெட்ட பிறகு வரும் எச்சரிக்கை, அடுத்தவரைக் காக்குமேயன்றி முன்னவரைக் காவாது. இன்னொரு புறம், வீட்டில் தைலம் காய்ச்சி அண்டை அயலார்க்கு விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கும் பெரிய ஆலைக்கும் கடமை ஒன்றே. நிறுவனம் பதிவு செய்ய வேண்டும். நல்ல உற்பத்தி நெறியைப் பின்பற்ற வேண்டும். பொருளைப் பற்றிய முழுக் கோப்பு வைத்திருக்க வேண்டும். தோலுக்குப் பெரிய ஆலையின் நஞ்சு, சிறிய அடுப்பின் நஞ்சு என்ற வேறுபாடு தெரியாது. ஆதலின் விதி பொதுவாக இருப்பது சரியே. ஆனால் அவ்விதியை அப்பெண் அறிந்துகொள்ளும் மொழியில் யார் சொன்னார்கள்? தண்டம் வந்து சொல்வது கல்வி ஆகாது.

மிகப் பெரிய குறை மொழியில் உள்ளது. மலேசியாவில் பொருளின் மேல் எழுதப்படுவன மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். ஆசியான் நெறி, பொருள் விற்கும் இடத்து மக்களுக்கு விளங்கும் வேறு மொழிக்கும் கதவைத் திறந்து வைத்துள்ளது. ஆனால் தமிழில் எழுதியே தீர வேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்தவில்லை. விளைவு என்ன? தோட்டப்புறத்திலிருந்து வந்து நகரின் விளிம்பில் வாழும் மூதாட்டிக்கு ஆசை காட்டுவது தமிழ். எச்சரிப்பது அவளால் படிக்க இயலாத சிற்றெழுத்து. வானொலியிலும் திரையிலும் தேனொழுகத் தமிழ் பேசிய வணிகன், குப்பியின் பின்புறத்தில் தமிழை மறந்துவிடுகிறான்.

எம்மொழியில் ஒரு பொருள் விளம்பரம் செய்யப்படுகிறதோ, அம்மொழியில் அதன் பயன்படுத்தும் முறையும் எச்சரிக்கையும் இருத்தல் வேண்டும். இது பெருஞ்செலவு பிடிக்கும் கோரிக்கை அன்று. மூன்று வரித் தமிழ் அச்சிட்ட ஒரு சிறு தாள் ஒட்டினால் முடியும். தமிழர் கடைகளும், தமிழில் விளம்பரம் பெறும் ஏடுகளும், சட்டம் வரும் வரை காத்திராமல் தாமே இதனைத் தொடங்கலாம். பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதே வணிகம் என்று வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் கூறினார். ஒப்பனை வணிகத்தில் அதனை, பிறர் முகத்தையும் தம் முகம்போலப் பேணுக என்று கொள்ளலாம்.

ஆசிரியர் செய்யத்தக்கது

தமிழ்ப்பள்ளிகளில் தன்வினை, பிறவினை, உவம உருபு, அடைமொழி என்று கற்பிக்கிறோம். எடுத்துக்காட்டுகளை நூலிலிருந்தே எடுக்கிறோம். ஒரு நாள் மட்டும் நான்கு காலி டப்பிகளையும் நான்கு விளம்பரத் துண்டுகளையும் வகுப்புக்கு எடுத்துச் செல்லலாம். ‘இதில் உள்ள வினைமுற்று எது? அது ஒப்பனைக்கு உரியதா, மருந்துக்கு உரியதா? “போல” என்ற சொல் இருக்கிறதா? அறிவிப்பு எண் எங்கே? பொறுப்பாளர் முகவரி எங்கே? பட்டியலின் முதற்பெயர் எது?’ என்று மாணவர்களைக் கேட்கலாம். இலக்கணம் மனப்பாடமாகக் கிடக்கும் நிலை மாறி, கைக்கருவியாகும். அறிவிப்பு எண்ணைச் சுகாதார அமைச்சின் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் தேடிப் பார்க்கும் பழக்கத்தையும் உடன் கற்பிக்கலாம். எண் அங்கே இல்லை எனின் பொருளைக் கீழே வைக்கவும், நீக்கப்பட்டது எனின் பிறர்க்குச் சொல்லவும் மாணவன் கற்றுக்கொள்வான்.

அவன் வீடு சென்று தாயிடம் படித்துக் காட்டுவான். தீபாவளிக்கு முன் கடைத்தெருவில் ஒரு குப்பியைத் திருப்பிப் பார்த்து, ‘அம்மா, இதில் தீர்க்கும் என்று போட்டிருக்கிறது, ஆனால் மருந்து எண் இல்லை’ என்று அவன் சொல்வானாயின், நாம் கற்பித்த வினையியல் ஒரு தாயின் முகத்தைக் காத்ததாகும்.